கால்ல நரம்பு சுருண்டிருக்கா? தைலத்தைக் கையில எடுக்கும் முன் இதைப் படிங்க!

என் பெரியம்மா 23 வருஷம் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். காலையில் 9 மணிக்குக் கவுன்டருக்குப் பின்னால் நின்றால், ராத்திரி கடை அடைக்கும்வரை அதே நிற்பு. மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். தீபாவளி, ஆடித் தள்ளுபடி சீசனில் அதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனால், சுவரில் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு தரையில் படுத்திருப்பார். கெண்டைக்காலில் பச்சையும் நீலமுமாகப் புழு நெளிவதுபோல ஏதோ தெரியும். ‘என்ன பெரியம்மா இது?’ என்று கேட்டால், ‘நரம்பு சுருட்டிக்கிச்சும்மா, நிக்கிறவங்க எல்லாருக்கும் இப்படித்தான்’ என்பார்.

அப்புறம் கணுக்காலுக்கு மேல் உள்பக்கம் தோல் கறுத்தது. அரிப்பு வந்தது. ‘கொசு கடிச்சதைச் சொரிஞ்சேன், புண்ணாயிடுச்சு’ என்றார். அந்தக் கொசுக்கடி எட்டு மாதம் ஆறவில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆயின்மென்ட், தோல் டாக்டர் கொடுத்த க்ரீம், மஞ்சள், வேப்பிலை என எல்லாம் போட்டாயிற்று. சுகர் இருக்குமோ என்று இரண்டு முறை ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். சுகர் இல்லை. கடைசியில் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவர் பெரியம்மாவை நிற்கச் சொல்லி, தொடையிலிருந்து பாதம்வரை பார்த்துவிட்டு, ‘புண்ணு கீழே இருக்கு, பிரச்னை மேலே இருக்கு’ என்றார்.

அந்த ஒரு வரி அன்றைக்கு எங்களுக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. எட்டு மாதத்துக்கு முன்பே புரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில், அது நரம்பே இல்லை!

நாம் பேச்சு வழக்கில் ‘நரம்பு’ என்று சொல்வது இரண்டு விஷயங்களை. ஒன்று, மூளையிலிருந்து கட்டளையும் உணர்ச்சியும் போய்வரும் நிஜமான நரம்பு. இன்னொன்று, தோலுக்கடியில் பச்சையாகத் தெரியும் ரத்தக்குழாய். நர்ஸ் ஊசி போட ‘நரம்பு கிடைக்கலை’ என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான். இதன் சரியான பெயர் சிரை.

இதயத்திலிருந்து ரத்தத்தை உடம்புக்குக் கொண்டுபோவது தமனி. உடம்பிலிருந்து இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை. காலில் சுருண்டு, புடைத்துத் தெரிவது இந்தச் சிரைதான். ‘வெரிகோஸ் வெயின்’ என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். நரம்புத் தளர்ச்சிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதனால், ‘நரம்புக்குச் சத்து மாத்திரை’ சாப்பிட்டால் இது சரியாகாது.

காலில் இருக்கும் இன்னொரு இதயம்

தண்ணீர்த் தொட்டி மாடியில் இருக்கிறது. கீழே குழாயைத் திறந்தால் தண்ணீர் தானாக வரும். ஆனால், கிணற்றுத் தண்ணீரை மாடிக்கு ஏற்ற மோட்டார் வேண்டும். காலுக்கு ரத்தம் இறங்குவது சுலபம், ஏறுவதுதான் கஷ்டம். பாதத்திலிருந்து நெஞ்சுவரை புவியீர்ப்பு விசையை எதிர்த்து ரத்தம் மேலே போக வேண்டும்.

அதற்கு மோட்டார், கெண்டைக்கால் தசை. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் இந்தத் தசை இறுகி, உள்ளே இருக்கும் ஆழ்சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. இதை ‘இரண்டாவது இதயம்’ என்றே மருத்துவர்கள் சொல்வார்கள். மேலே ஏறிய ரத்தம் மறுபடி கீழே விழாமல் இருக்க, சிரைக்குள் வழிநெடுக ஒருவழிக் கதவுகள் இருக்கின்றன. அவைதான் வால்வுகள். இந்த வால்வுகள் ரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே விடுகின்றன என்பதை 1628-ல் விளக்கியவர் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி. ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்பதற்கு அவர் காட்டிய முக்கியமான சாட்சிகளில் இதுவும் ஒன்று.

நாம் அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரச அளவு இருக்கும். நடக்க ஆரம்பித்ததும் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். நடப்பதற்கும் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் இதுதான் எல்லாமே. நாள் முழுக்க நடக்கும் தபால்காரரைவிட, நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் டீ மாஸ்டருக்குக் கால் அதிகம் வீங்குவது இதனால்தான்.

வால்வு பழுதானால் என்ன ஆகும்? மேலே போன ரத்தம் கீழே திரும்பி விழும். கீழே இருக்கும் வால்வுக்கு இரட்டைச் சுமை. அதுவும் விரியும். இப்படி ஒன்றன் பின் ஒன்றாகக் கதவுகள் பழுதாகி, சிரை நீண்டு, அகன்று, இடம் போதாமல் வளைந்து சுருள்கிறது. கதவு பழுதான வீட்டில் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தால் மழைத்தண்ணீர் நிற்குமா? புண்ணுக்கு மட்டும் மருந்து போடுவதும் அப்படித்தான்.

யாருக்கெல்லாம் வரும்?

குடும்பத்தில் அம்மா, அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு அதிகம். வயது கூடக் கூட வாய்ப்பும் கூடும். உடல் பருமன், பல கர்ப்பங்கள், முன்பு காலில் ரத்தம் உறைந்த வரலாறு, மணிக்கணக்கில் நிற்கும் வேலை ஆகியவை அடுத்தடுத்த காரணங்கள். போக்குவரத்துப் போலீஸ், நர்ஸ், ஆசிரியர், சமையல் மாஸ்டர், சலூன்காரர், துணிக்கடை ஊழியர் எனப் பட்டியல் நீளும். அசையாமல் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கும் கெண்டைக்கால் மோட்டார் ஓடுவதில்லை. ஐ.டி ஊழியர்களும் டிரைவர்களும் இதில் வருவார்கள்.

‘இது பொம்பளைங்க வியாதி’ என்றொரு நம்பிக்கை உண்டு. சிகிச்சைக்கு வருவதில் பெண்கள் அதிகம் என்பதால் வந்த எண்ணம் அது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 18 முதல் 64 வயதுவரையிலான 1,566 பேரைப் பரிசோதித்த ஆய்வு 1999-ல் வெளியானது. அதில் பெரிய சிரைகளில் சுருள் இருந்தது ஆண்களில் சுமார் 40 சதவிகிதம் பேருக்கு, பெண்களில் சுமார் 32 சதவிகிதம் பேருக்கு. ஆக, லுங்கிக்குள்ளும் பேன்ட்டுக்குள்ளும் மறைந்திருப்பதால் ஆண்களுடையது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை: கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு கூடும், ஹார்மோன்கள் சிரைச் சுவரைத் தளர்த்தும், வளரும் கர்ப்பப்பை இடுப்புச் சிரைகளை அழுத்தும். அதனால் திடீரென்று சிரைகள் புடைக்கலாம். பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பெரும்பாலும் குறையும். அதனால் அந்த நேரத்தில் ஆபரேஷனுக்கு அவசரப்பட மாட்டார்கள். டாக்டரைக் கேட்டு அழுத்தக் காலுறை அணிவது, இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுப்பது, நடப்பது ஆகியவை போதும்.

படிப்படியாக எப்படி முற்றுகிறது?

உலகம் முழுக்க ரத்தநாள மருத்துவர்கள் இந்த நோயை 0 முதல் 6 வரை படிநிலைகளாகப் பிரிக்கிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் ‘சி2’, ‘சி4’ என்று எழுதியிருந்தால் அது இதுதான்.

* சி0: கண்ணுக்கு எதுவும் தெரியாது. கால் கனம், சாயங்காலம் வலி, ராத்திரி தசைப்பிடிப்பு இருக்கலாம்.
* சி1: சிலந்தி வலை போன்ற மெல்லிய சிவப்பு, நீலக் கோடுகள். பெரும்பாலும் அழகு சார்ந்த பிரச்னை மட்டுமே.
* சி2: 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் அகலமுள்ள, புடைத்துச் சுருண்ட சிரைகள்.
* சி3: வீக்கம். காலையில் இருக்காது, சாயங்காலம் செருப்பு இறுக்கும், சாக்ஸ் போட்ட தடம் பள்ளமாகத் தெரியும்.
* சி4: தோலில் மாற்றம். கறுப்பு, அரிப்பு, செதில், பிறகு தோல் மரக்கட்டை போல இறுகுதல்.
* சி5: புண் வந்து ஆறிய நிலை.
* சி6: ஆறாத புண்.

தோல் ஏன் கறுக்கிறது? தேங்கிய ரத்தத்தின் அழுத்தத்தில் சிவப்பணுக்கள் மெல்லிய குழாய்களிலிருந்து வெளியே கசிகின்றன. அவை சிதைந்து, அவற்றிலிருக்கும் இரும்புச்சத்து தோலில் படிகிறது. துருப்பிடித்த மாதிரிதான். அங்கே அழற்சி தொடர்ந்துகொண்டே இருப்பதால் தோல் பலவீனமாகி, சின்னச் சிராய்ப்புகூடப் புண்ணாக மாறுகிறது. கணுக்காலின் உள்பக்க எலும்புக்குச் சற்று மேலேதான் இந்தப் புண் பெரும்பாலும் வரும்.

எல்லோருக்கும் சி2-விலிருந்து சி6 வரை போகும் என்று பயப்பட வேண்டாம். பலருக்குப் பல வருடங்கள் சி2-விலேயே நிற்கும். ஆனால், கணுக்கால் பக்கம் தோல் கறுக்க ஆரம்பித்துவிட்டால், அது மஞ்சள் விளக்கு. அதற்கு மேல் ‘பார்த்துக்கலாம்’ என்று தள்ளக் கூடாது. பெரியம்மா தவறவிட்டது அந்த மஞ்சள் விளக்கைத்தான்.

கால் வீக்கம் எல்லாம் சிரை வீக்கம் இல்லை

இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் அம்லோடிபின் மாத்திரையே சிலருக்குப் பாதத்தில் வீக்கத்தை உண்டாக்கும். அப்படிச் சந்தேகம் இருந்தால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். யானைக்கால் நோய் பரவியிருந்த பகுதிகளில் நிணநீர்த் தேக்கத்தாலும் கால் வீங்கும். அதில் பாதத்தின் மேல்பகுதியும் விரல்களும்கூடச் சேர்ந்து தடிக்கும்.

காலில் புண் என்றால் சுகரும் தமனி அடைப்பும் கவனத்துக்கு வர வேண்டும். கொஞ்சத் தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் சரியாகிறது, பாதம் சில்லென்று இருக்கிறது என்றால் அது தமனிப் பிரச்னையின் அடையாளம். சிரைப் பிரச்னை இதற்கு நேர் எதிர். நின்றால் வலி கூடும், நடந்தாலோ காலைத் தூக்கிவைத்தாலோ குறையும்.

எந்த டாக்டர்? என்ன டெஸ்ட்?

பார்க்க வேண்டியவர் வாஸ்குலர் சர்ஜன், அதாவது ரத்தநாள அறுவைச் சிகிச்சை நிபுணர். அவர் இல்லாத ஊரில் பொது அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் தொடங்கலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் ரத்தநாள அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது. முதல்வர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், தங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை அதில் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

முக்கியமான டெஸ்ட், டூப்ளெக்ஸ் டாப்ளர் ஸ்கேன். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அல்ட்ரா சவுண்ட் மாதிரிதான். ஊசி இல்லை, வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை. கெண்டைக்காலைப் பிழிந்துவிட்டால் ரத்தம் மேலே போகிறதா, விட்டதும் கீழே திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். மேலோட்டச் சிரையில் அரை நொடிக்கு மேல் பின்னோக்கி ஓடினால் வால்வு பழுது என்று பொருள். சிரைக் கசிவைப் பார்க்கும் டாப்ளரை நிற்கவைத்து எடுப்பதுதான் முறை. கூடவே, உள்ளே இருக்கும் ஆழ்சிரைகளில் அடைப்பு இல்லை என்பதையும் உறுதி செய்வார்கள்.

சிகிச்சை 1: அழுத்தம்

அழுத்தக் காலுறை எனும் கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ், கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும்படி நெய்யப்பட்டது. சாதாரண டைட்டான சாக்ஸ் இதற்கு மாற்று இல்லை. பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது 20-30 மி.மீ. அழுத்தமுள்ள வகை. ஆறாத புண்ணுக்குக் கணுக்காலில் சுமார் 40 மி.மீ. அழுத்தம் வரும்படி அடுக்கடுக்காகக் கட்டுப் போடுவார்கள்.

இதை வாங்குமுன் ஒரு விஷயம் கட்டாயம்: காலில் தமனி ரத்த ஓட்டம் சரியாக இருக்க வேண்டும். கை, கணுக்கால் இரண்டிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிடுவார்கள். அந்த விகிதம் 0.8-க்குக் கீழே இருந்தால் முழு அழுத்தக் கட்டு ஆபத்து. ஏற்கெனவே குறைவாக ரத்தம் வரும் காலை இறுக்கினால் திசுக்கள் செத்துப்போகலாம். சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஆன்லைனில் ஆர்டர் போடவே கூடாது.

நம் ஊர் வெயிலில் இதைப் போடுவது லேசான காரியமில்லை. பெரியம்மா முதல் வாரம் கழற்றி எறிந்தார். பழகியபோது கற்றுக்கொண்டவை இவை:

* காலையில் எழுந்து, வீக்கம் வருவதற்கு முன்பே போட வேண்டும். ராத்திரி படுக்கும்போது கழற்றிவிடலாம்.
* கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவைக் காலை நேரத்தில் அளந்து சைஸ் வாங்க வேண்டும்.
* பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு இழுத்தால் சுலபமாக ஏறும்.
* மேல் விளிம்பு நீளமாக இருக்கிறதே என்று சுருட்டிவிடக் கூடாது. அந்த இடம் கயிறு கட்டியதுபோல இறுகும்.
* தினமும் துவைத்து நிழலில் காயவைக்க வேண்டும். ஏறக்குறைய 6 மாதத்தில் பிடிப்பு தளரும். புதிது வாங்க வேண்டும்.
* விரல்கள் மரத்துப்போனாலோ, நீலமானாலோ உடனே கழற்றிவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

காலுறை அறிகுறிகளைக் குறைக்கும். பழுதான வால்வைச் சரிசெய்யாது. கழற்றினால் பழைய கதைதான்.

சிகிச்சை 2: பழுதான குழாயை மூடுவது

‘ரத்தக்குழாயை மூடிட்டா ரத்தம் எப்படிப் போகும்?’ நியாயமான கேள்வி. காலின் ரத்தத்தில் பெரும்பகுதியைத் தூக்குவது ஆழ்சிரைகள்தான். மேலோட்டச் சிரை பழுதாகிவிட்டால், அது உதவுவதற்குப் பதில் ரத்தத்தைத் திருப்பிவிட்டுத் தொந்தரவுதான் கொடுக்கிறது. அதை மூடினால் ரத்தம் நல்ல பாதைக்கு மாறிக்கொள்ளும். இதய பைபாஸ் ஆபரேஷனுக்குக் காலிலிருந்து எடுத்து வைக்கும் சிரையும் இந்த மேலோட்டச் சிரைதான். எடுத்த பிறகும் கால் நன்றாகவே இயங்குகிறது இல்லையா!

லேசர், ரேடியோ அலை: முழங்கால் பக்கம் ஊசி முனை அளவுத் துளை வழியாக மெல்லிய குழாயை உள்ளே விட்டு, சிரையை உள்ளிருந்து சுட்டு மூடுவார்கள். சிரையைச் சுற்றி மரத்துப்போகும் மருந்து கலந்த திரவத்தைச் செலுத்துவதால் வலியும் தெரியாது, சுற்றியுள்ள தோலும் சுடாது. பெரும்பாலும் அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போய்விடலாம். கன்றிப்போதல், சில இடங்களில் மரத்துப்போதல், அபூர்வமாக ரத்தம் உறைதல் ஆகியவை இதன் பக்கவிளைவுகள்.

நுரை ஊசி: பாலிடோகனால் போன்ற மருந்தை நுரையாக்கிச் சிரைக்குள் செலுத்துவது. சுருண்டு நெளிந்த சிரைகளுக்கும், புண்ணுக்கு அடியில் இருக்கும் சிரைகளுக்கும் வசதியானது. செலவும் குறைவு. ஆனால், மறுபடி திறந்துகொள்ளும் வாய்ப்பு லேசரைவிட அதிகம். தோலில் பழுப்புத் தழும்பு சில மாதங்கள் நிற்கலாம்.

பசை: மருத்துவப் பசையால் சிரையை ஒட்டிவிடுவது. சூடு இல்லை. சிலருக்குப் பசை ஒவ்வாமல் தோல் சிவந்து வலிக்கலாம்.

பழைய ஆபரேஷன்: தொடை இடுக்கில் சிரையைக் கட்டி, முழங்கால்வரை உருவி எடுப்பது. இன்றும் நல்ல பலன் தரும் முறைதான், பல இடங்களில் செய்கிறார்கள். முதுகில் ஊசியோ மயக்க மருந்தோ தேவைப்படும், குணமாக நாள் கூடும். புடைத்துத் தெரியும் கிளைச் சிரைகளைச் சின்னச் சின்னத் துளைகள் வழியாக எடுப்பதும் உண்டு.

எந்த முறை என்பதை விளம்பரம் முடிவு செய்யக் கூடாது. டாப்ளர் ரிப்போர்ட்தான் முடிவு செய்ய வேண்டும். எந்த முறையிலும் சில வருடங்கள் கழித்து வேறு சிரைகளில் திரும்ப வரலாம். ‘ஒரே சிட்டிங், வாழ்நாள் கேரன்ட்டி’ என்று யாராவது சொன்னால் யோசியுங்கள்.

மாத்திரை? டயோஸ்மின், ஹெஸ்பெரிடின் கலந்த மாத்திரைகள் வலி, கனம், வீக்கத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். சுருண்ட சிரையை நேராக்கும் மாத்திரை எதுவும் கிடையாது.

புண் ஆறிய பிறகுதான் ஆபரேஷனா?

வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். பிரிட்டனில் 450 நோயாளிகளை வைத்து நடந்த ‘எவ்ரா’ ஆய்வு 2018-ல் வெளியானது. அழுத்தக் கட்டு எல்லோருக்கும் உண்டு. ஒரு பிரிவுக்கு இரண்டு வாரத்துக்குள் சிரையை மூடும் சிகிச்சை, இன்னொரு பிரிவுக்குப் புண் ஆறிய பிறகோ, 6 மாதம் காத்திருந்தோ சிகிச்சை. முதல் பிரிவில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறிவிட்டது. இரண்டாவது பிரிவில் அதற்கு 82 நாள் ஆனது.

அதற்கு முன், 500 பேரை வைத்துச் செய்த ‘எஸ்கார்’ ஆய்வு 2004-ல் இன்னொன்றைச் சொல்லியிருந்தது. கட்டு மட்டும் போட்டவர்களில் 28 சதவிகிதம் பேருக்கு ஒரு வருடத்தில் புண் திரும்பியது. கட்டோடு ஆபரேஷனும் செய்தவர்களில் அது 12 சதவிகிதம்தான். ‘புண்ணு கீழே, பிரச்னை மேலே’ என்று டாக்டர் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

* ஒரே ஒரு கால் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருந்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலைப் பிடித்துவிடவோ, எண்ணெய் போட்டு உருவிவிடவோ கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.
* அதோடு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமும்போது ரத்தம் வந்தால் 108-ஐ அழையுங்கள். உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.
* சுருண்ட சிரை உடைந்து ரத்தம் பீறிட்டால் உட்காரவோ, பாத்ரூமுக்கு நடந்து போகவோ வேண்டாம். அங்கேயே படுத்து, காலை இதயத்துக்கு மேல் உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். இடையிடையே துணியை எடுத்துப் பார்க்காதீர்கள். மேலே கயிறு கட்ட வேண்டாம். ரத்தம் நின்றாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குளிக்கும்போது வெந்நீரில் இப்படிச் சிரை உடைவது உண்டு. வலிக்காது என்பதால் கவனிக்காமல் விட்டு, ரத்தம் போயே உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருந்தால் ரத்தம் நிற்காது, படுத்துக் காலைத் தூக்கினால் நின்றுவிடும். இந்த ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

வீட்டிலும் வேலையிலும் செய்ய வேண்டியவை

* நிற்கும் வேலையா? மணிக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கித் தூக்கி 15, 20 தடவை இறக்குங்கள். கவுன்டருக்குப் பின்னால் நின்றபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது.
* உட்காரும் வேலையா? பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் பிடிக்கப் போங்கள்.
* தினமும் அரை மணி நேரம் நடை.
* நாளில் மூன்று நான்கு முறை, 15 நிமிடம், காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்கிவையுங்கள். நாற்காலி முன் ஸ்டூல் போடுவது பாதிதான் பலன். படுத்துத் தலையணை வைப்பதே சரி.
* கட்டிலின் கால்பக்கம் இரண்டு கால்களுக்கும் அடியில் செங்கல் வைத்துச் சற்று உயர்த்தலாம். இதய பலவீனம் உள்ளவர்கள் கேட்டுவிட்டுச் செய்யவும்.
* தோல் வறண்டு அரித்தால் சொரியாதீர்கள். வாசனை இல்லாத க்ரீமோ தேங்காய் எண்ணெயோ மெதுவாகத் தடவுங்கள். புண்ணின் மேல் எதையும் தடவாதீர்கள்.
* எடையைக் குறையுங்கள். மலச்சிக்கலைக் கவனியுங்கள். முக்குவதால் வயிற்றில் கூடும் அழுத்தம் காலில்தான் இறங்கும்.

கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தால் வெரிகோஸ் வரும் என்பதற்கு நிரூபணம் இல்லை. அட்டை கடிக்க விடுவது, பிளேடால் கீறி ‘கெட்ட ரத்தம்’ எடுப்பது போன்றவற்றின் பக்கமே போகாதீர்கள். அது கெட்ட ரத்தமல்ல, தேங்கிய ரத்தம்.

உட்காருவது உரிமை

இவ்வளவும் சொல்லிவிட்டு ‘அடிக்கடி உட்காருங்கள்’ என்று முடித்துவிடலாம். ஆனால், உட்கார விட்டால்தானே! 2010-ல் வந்த ‘அங்காடித் தெரு’ படம் பார்த்தவர்களுக்கு அது புரியும். கேரளாவில் கோழிக்கோட்டைச் சேர்ந்த தையல் தொழிலாளி பி.விஜியும் அவருடன் சேர்ந்த பெண்களும் கடைகளில் உட்காரும் உரிமைக்காகப் பல வருடங்கள் போராடினார்கள். 2018-ல் கேரளா அதைச் சட்டமாக்கியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார அனுமதிக்க வேண்டும் என்கிறது, புதிதாகச் சேர்க்கப்பட்ட 22-ஏ பிரிவு.

சட்டம் வந்தபோது பெரியம்மா வேலையை விட்டிருந்தார். டாப்ளரில் தொடைச் சிரையின் வால்வு முழுக்கப் பழுது என்று தெரிந்து, லேசர் செய்து, வாரா வாரம் கட்டு மாற்றியதில் மூன்று மாதத்துக்குள் புண் ஆறியது. தோலின் கறுப்பு மட்டும் போகவில்லை, போகாது என்று சொல்லிவிட்டார்கள். ‘எட்டு மாசம் முன்னாடியே வந்திருந்தா?’ என்று கேட்டேன். டாக்டர் பதிலுக்கு, ‘கறுத்தபோதே வந்திருந்தா புண்ணே வந்திருக்காது’ என்றார்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போனோம். சேலையை விரித்துக் காட்டிய பெண்ணுக்கு 25 வயதுதான் இருக்கும். கவுன்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று இருந்தது. அதன் மேல் சேலைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. பெரியம்மா அந்தப் பெட்டிகளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ‘நாங்க பொறுமையாப் பார்க்கிறோம்மா, நீ கொஞ்சம் உக்காரு’ என்றார்.

அந்தப் பெண் முதலில் சூப்பர்வைசர் பக்கம் திரும்பிப் பார்த்தது. அப்புறம்தான் உட்கார்ந்தது.